கடலோர வீட்டில் பூச்செடி: வேருக்குக் காற்று, கிளைக்குக் கத்தரி

கேள்வி இதுதான்: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். பின்கட்டில் பத்தடி மண், மேலே மொட்டை மாடி, போர் தண்ணீர். குண்டுமல்லி, ஒட்டு ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, கனகாம்பரம், செவ்வந்தி எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. நர்சரியில் பூத்துக் குலுங்கிய செடிகள் இரண்டு மாதத்தில் வெறும் இலையாக நிற்கின்றன; ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி செத்துப்போகின்றன. ‘பேசாமல் மார்க்கெட்டில் நாலு முழம் வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாச் செடியும் இந்தக் கரையில் வரும். இரண்டு விஷயம்தான் பிடிபட வேண்டும். வேர் மூச்சு விடுவதற்கு மண்ணில் காற்று இருக்க வேண்டும். கிளையை வெட்டத் துணிய வேண்டும்; ஏனென்றால் நீங்கள் சொன்ன பூக்கள் எல்லாமே புதுத் துளிரில் வருபவை. பழைய கிளையைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் இலைதான் மிஞ்சும். மற்ற எல்லாம், உரம், மருந்து, மந்திரக் கரைசல் எல்லாம், இவை இரண்டுக்கும் பிறகுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடலோரப் போர்களில் உப்பு இருக்கும். கோடை முற்ற முற்றக் கூடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 500 பி.பி.எம்.முக்குள் காட்டினால் எந்தப் பூவுக்கும் பயமில்லை. 1000 வரை மல்லியும் செம்பருத்தியும் சமாளிக்கும். ரோஜாவும் கனகாம்பரமும் திணறத் தொடங்கும். 1500-ஐத் தாண்டினால் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி போன்றவற்றுக்கு மட்டும் போர் தண்ணீர். மற்றவற்றுக்கு நகராட்சிக் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைநீரோதான். மாடிக் குழாயிலிருந்து 200 லிட்டர் டிரம் ஒன்றில் மழைநீர் பிடித்து, வாயைக் கொசு வலையால் கட்டி வைத்தால் ரோஜாவுக்கும் நாற்றுகளுக்கும் பல நாள் ஓடும்.

உப்பு பாதித்த செடியை அடையாளம் காண்பது எளிது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகளின் ஓரம் முதலில் கருகும், நுனி காயும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் படியும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அந்தத் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்து ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் சேரும். ஊற்றினால் தொட்டியின் அடித்துளை வழியே கொஞ்சம் வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். பிறகு மண் காய்ந்து வரும்வரை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்றுக்கு 10 முதல் 15 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி விட்டுக் கழுவினால் சேர்ந்த உப்பு இறங்கிவிடும்.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கடிகாரம் உதவாது, விரல்தான் உதவும். ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் மாடித் தொட்டி தினமும் ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். ஆனி, ஆடியில் மேலைக்காற்று வீசும்போது சில நாள் இருவேளையும் கேட்கும். அதே தொட்டிக்குத் தை மாதப் பனியில் மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். வருடம் முழுக்க ஒரே கணக்கில் ஊற்றுவது வேர் அழுகலுக்கு நேர்வழி. மதிய வெயிலில் செடி லேசாகத் துவண்டு மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது தாகம் அல்ல. காலையிலேயே துவண்டிருந்தால்தான் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் விரல். ஈரம் இருந்தும் துவண்டால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் விடும் தண்ணீர் செடியை முடித்துவிடும்.

மண்ணைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் மூன்று வகை உண்டு. முத்தியால்பேட்டை, வைத்திக்குப்பம், கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் கடல் மணல். பாகூர்ப் பக்கமும், தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கமும் வயல் களி. கேப்பர் மலை, பண்ருட்டி, வடமேற்கே வானூர் என்று செம்மண் மேடுகள். செம்மண்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், குழி வெட்டித் தொழு உரம் போட்டு நட்டால் போதும். மணல்காரரும் களிக்காரரும் நிலத்தில் குழி தோண்டி நடுவதைவிட ஓரடி மேடு கட்டி அதில் நடுவது நல்லது. களியில் காரணம் வெளிப்படை, தண்ணீர் நிற்கும். மணலில் தண்ணீர் நொடியில் இறங்கிவிடுமே என்று தோன்றும். ஆனால் கார்த்திகை மழையில் கடலோரத்தில் நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறி வந்து அடியிலிருந்து வேரை நனைத்துக்கொண்டே இருக்கும். மழைக்குப் பிறகு உங்கள் செடிகள் செத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மேட்டுக்குப் பாதி செம்மண், கால் பங்கு மக்கிய தொழு உரம், கால் பங்கு அங்குள்ள மணல்; ஒரு செடிக்கு 250 கிராம் வேப்பம் புண்ணாக்கு. அதன் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்கு. வீட்டு மண்ணே செடிக்கு ஆகாத மண்ணோ என்ற சந்தேகம் இருந்தால், குரும்பாபேட்டையில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உப்பு நிலையும் கார அமில நிலையும் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தொட்டிக்கான கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, கரடான மணல் ஒரு பங்கு. மணல் என்றால் பீச் மணல் அல்ல. நார்க்கழிவையும் அப்படியே போடக் கூடாது. கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறை கழுவ வேண்டும். அதிலும் உப்பு இருக்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டி நனைந்தால் 20 கிலோவுக்குக் குறையாது, எனவே மாடியில் நடுவில் கூட்டமாக அடுக்காமல் தூண், உத்தரம் இருக்கும் ஓரங்களில் வையுங்கள்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தொட்டியில் பெரும்பாலும் ஒரே துளைதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. விரல் தடிமனில் நான்கைந்து துளை போடுங்கள். துளை மேல் வளைந்த ஓட்டுச் சில் ஒன்று வைத்தால் மண் அடைக்காது. அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள், நடப்பது வேறு. மண்ணிலிருந்து ஜல்லிக்கு நீர் எளிதாக இறங்காது. ஜல்லிக்கு மேலுள்ள மண் நிறைந்த பிறகுதான் சொட்டும். அதனால் ஈரம் தங்கும் அடுக்கு வேருக்கு அருகே ஏறிவிடுகிறது. ஜல்லி வேண்டாம், முழுக்க மண்ணே இருக்கட்டும். தொட்டியை மூன்று செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டால் துளை இருந்தும் இல்லாததுபோல்தான்.

நர்சரிச் செடி வீட்டுக்கு வந்ததும் வாடுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. ரோஜாவும் செவ்வந்தியும் பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கக் குளிரில், நிழல்வலைக்குள் வளர்ந்து வருபவை. நம்மூர் வெயிலும் உப்புக் காற்றும் அவற்றுக்குப் புதிது. வாங்கி வந்த அன்றே பூவையும் மொட்டையும் கிள்ளி எறிந்துவிட வேண்டும். மனசு வராது, ஆனால் அந்த மொட்டுகள் குடிக்கும் சத்து வேருக்குப் போக வேண்டிய சத்து. ஒரு வாரம், பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பிறகு மாற்றி நடுங்கள். பையைக் கிழித்தால் சில செடிகளில் பிசுபிசுத்த களிமண் உருண்டை வேரைக் கவ்வியிருக்கும். அதை அப்படியே நட்டால் சுற்றிலும் ஈரம் இருந்தும் உருண்டைக்குள் தண்ணீர் புகாது. வேரும் வெளியே வராது. அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வேர் அறுபடாமல் வெளிக் களியை மட்டும் கரைத்துவிட்டு நடுங்கள்.

இனி மல்லி. அம்மாவின் முழக் கணக்குக்குப் பதில் சொல்லக்கூடிய செடி இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

குண்டுமல்லிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கொடி ஓடுகிறது, இலை பெரிதாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை என்றால் முதல் சந்தேகம் நிழல், இரண்டாவது கூடிப்போன தழைச்சத்து (நைட்ரஜன்). தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ந்த ஒரு செடிக்கு ஆண்டுக்குப் பரிந்துரைப்பது தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிராம். மற்ற இரண்டில் பாதிதான் தழைச்சத்து என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் யூரியாவையும் மாட்டுச் சாணத்தையும் தாராளமாகப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம். செடி தளதளவென்று இருக்கும், அரும்பு இருக்காது. மேலே சொன்ன அளவு நிலத்தில் நிற்கும் செடிக்கு. தொட்டிக்கு அதில் கால் பங்கு போதும், அதையும் நான்கைந்து தடவையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். சாம்பல்சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வாங்காதீர்கள், அதில் குளோரைடு இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாயும் மண்ணில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ்தான் சரி. இயற்கை உரம் மட்டும் போதும் என்பவர்கள் 50 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து லிட்டராகக் கலக்கி, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை விடலாம். அதோடு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம்.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி இறக்குவதுதான் மல்லியின் உயிர்நாடி. பல்கலைக்கழகக் கணக்கில் நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். நம் கரையில் அந்த வாரம் மழையும் புயலும் உச்சத்தில் இருக்கும். வெட்டுக்காயம் நனைந்துகொண்டே இருந்தால் நுனியிலிருந்து கிளை காய்ந்து இறங்கும். இலை இல்லாத செடி தண்ணீரை உறிஞ்சாததால் மண்ணும் சேறாகவே கிடக்கும். இங்கே மழை ஓய்வதைப் பார்த்து மார்கழிக் கடைசியிலிருந்து தைப் பொங்கலுக்குள் வெட்டுவதே பாதுகாப்பு. ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். கூர்மையான கத்தரியால் எல்லாக் கிளைகளையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கி, காய்ந்தவை, குறுக்கே ஓடுபவை, பென்சிலைவிட மெலிந்தவை எல்லாவற்றையும் அடியோடு நீக்குங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடலாம். செடியைப் பார்த்தால் விறகுக் கட்டுபோல் இருக்கும், வீட்டில் திட்டு விழும். தொழு உரம் போட்டு, மண்ணைக் கொத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் பாருங்கள், கணுவுக்கு இரண்டு துளிர் கிளம்பியிருக்கும். மாசிக் கடைசியில் முதல் அரும்பு, சித்திரை வைகாசியில் உச்சம், புரட்டாசி வரை விட்டு விட்டு வரும். ஒவ்வொரு அலை பூத்து முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் அடுத்த அலை நெருக்கமாக வரும். முல்லைக்கு இதே வேலையை ஜனவரி கடைசியில் செய்யுங்கள்.

மல்லியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட் கரைத்து மாலையில் இலை மேல் தெளித்தால் பத்து, பதினைந்து நாளில் புது இலை பச்சையாக வரும். ஆனால் தண்ணீர் தேங்கிய வேரும் இதே மஞ்சளைக் காட்டும், எனவே தெளிக்கும் முன் மண்ணைப் பாருங்கள். அரும்பில் சின்னத் துளையும், அரும்புகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் நூலாம்படையும் தெரிந்தால் மொட்டுப்புழு. அரும்பு ஊதா நிறமாகி, வளராமல் உதிர்ந்தால் மொட்டு ஈ. அதன் புழு உதிர்ந்த மொட்டிலிருந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. எனவே தெளிப்பதைவிட முக்கியமான வேலை, உதிர்ந்த அரும்புகளைத் தினமும் பொறுக்கி அழிப்பதும், செடிக்கு அடியில் மண்ணை வாரம் ஒருமுறை கிளறி வெயில் காட்டுவதும், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு தூவுவதும். தெளிக்க வேண்டி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அதை முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் பால்போல் கலக்கிக்கொண்டு பிறகு தண்ணீரில் சேர்க்க வேண்டும். வெயில் இறங்கிய பின், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். கோடையில் இலை மங்கி, அடிப்பக்கம் சிலந்தி வலைபோல் இருந்தால் அது செஞ்சிலந்தி. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம் என்று சொல்வார்கள். மே மாத வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். அப்போது இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வாரம் கழுவுவதே போதும்.

ரோஜாவில் முதலில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்டின் அடியில் முடிச்சுபோல் தெரியும். அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழிருந்து வேகமாகக் கிளம்பும் தண்டு காட்டு ரோஜா, மேல்செடியை ஒட்டுக் கட்டிய அடிச்செடி. அதை விட்டுவைத்தால் ஒரே பருவத்தில் மேல்செடியை விழுங்கிவிடும். ஒட்டு ரோஜா நன்றாக வளர்கிறது, பூக்க மாட்டேன் என்கிறது என்ற புகாரில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பூ உதிர்ந்ததும், கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலை வரை இறங்கி, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 45 நாளில் அடுத்த பூ. தண்டு நுனி கறுத்து இறங்கினால் கறுப்புக்கு 5 செ.மீ. கீழே, பச்சைத் தண்டில் வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவுங்கள். மழைக்காலத்தில் இலையில் வட்டக் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிரும். உதிர்ந்த இலையைக் கிடக்கவிடாமல் அள்ளுவது பாதி மருந்து. மீதிக்கு மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம். நம் ஊருக்கு ஒத்துவருவது பன்னீர் ரோஜா. பூக்கடைக் கண்ணாடிப் பெட்டி ரோஜாவின் அழகு அதற்கு இல்லை. ஆனால் வாசம், உழைப்பு இரண்டிலும் அதை மிஞ்ச முடியாது.

செவ்வந்தியில் ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. இது இரவின் நீளத்தைக் கணக்கிட்டு மொட்டுக் கட்டும் செடி. ஐப்பசிக்குப் பிறகு இரவு நீளும்போதுதான் அரும்பு தேறும். தெருவிளக்கோ மாடி எல்.இ.டி. விளக்கோ இரவெல்லாம் அதன் மேல் விழுந்தால், செடிக்கு இரவே வராது, பூவும் வராது. தொட்டியை விளக்கு படாத மூலைக்கு நகர்த்துவது மட்டுமே வைத்தியம். ஆனி, ஆடியில் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டு, நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளினால் ஒரு தண்டு நாலாகும். மழையில் இதன் வேர் சீக்கிரம் அழுகும், எனவே நிலத்தில் வேண்டாம், தொட்டியில் வைத்து அடைமழை நாட்களில் கூரைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வாசலில் பூத்து நிற்கும்.

கனகாம்பரத்தின் எதிரி மண்ணுக்குள் இருக்கும் நூற்புழு. நன்றாக நின்ற செடி காரணமில்லாமல் வெளிறி, குட்டையாகி, கொத்துச் சிறுத்தால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சுகளோ கறுத்த புண்களோ இருக்கும். அதே மண்ணில் உடனே புதுச் செடி வைப்பது வீண். அந்த இடத்தில் செண்டுமல்லி விதையுங்கள். அதன் வேரில் ஊறும் பொருள் நூற்புழுவை அடக்குகிறது. விதைத்த 60, 70 நாளில் பூக்கும். ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் ஆயுத பூஜைக்குப் பறிக்கலாம். மூன்று மாதம் கழித்து வேரோடு அதே மண்ணில் கொத்திவிட்டுக் கனகாம்பரம் வையுங்கள், வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து. காலை வெயிலும் மதிய நிழலும் இதற்குப் பிடிக்கும். விதைக்காக விட்ட கதிரில் காய்ந்த காய்கள் ஒரு துளி தண்ணீர் பட்டதும் படீரென்று வெடித்து விதையை எறியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவர்கள் கையில் கொடுங்கள். விற்கும் ரகங்களில் டெல்லி கனகாம்பரம் விதை கட்டாது, அதைப் போத்து, அதாவது கிளைத்துண்டு வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

செம்பருத்தியில் ஒற்றை அடுக்குச் சிவப்பு எதற்கும் அசையாது. பெரிய பூ விடும் கலப்பின வகைகள் அழகு, ஆனால் நோஞ்சான். புதுச்சேரியில் இந்தப் பூவுக்குத் தனி மரியாதை உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஒவ்வொரு அகப் பண்பின் பெயரைச் சூட்டினார், அதில் செம்பருத்தி வகைகளும் பல. சமாதியின் அன்றாட மலர் அலங்காரத்தைக் காலையில் போய்ப் பார்த்தாலே எந்தப் பூ இந்த ஊரில் எந்த மாதம் நன்றாக வருகிறது என்று ஓரளவு பிடிபடும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் எறும்பைத் தேடுங்கள். அதைக் கிளை கிளையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எறும்புதான். கடுமையாகத் தாக்கிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிறகு வேப்பெண்ணெய். மொட்டு விரியாமல் உதிர்வது பெரும்பாலும் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்த தொட்டியால்.

இட்லிப்பூவைப் புதிதாகப் பூசிய மதிலோரம் வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும், இரும்புச்சத்து ஏறாது. காகிதப்பூவுக்கு நேர்மாறான குறை, அதற்குத் தண்ணீர் கூடிவிடும். மண் நன்றாகக் காய்ந்து, இலை சற்றே தொங்கிய பிறகு ஊற்றினால்தான் வண்ணம் காட்டும். புதுச்சேரி வெள்ளை நகரத்தின் (ஒயிட் டவுன்) மஞ்சள் மதில்களில் வழியும் அந்தக் கொடி தென் அமெரிக்கச் செடி. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கியது. நாம் பூ என்று பார்ப்பது வண்ண இலை, உள்ளே வெள்ளையாக நிற்கும் சின்னக் குழல்தான் பூ.

அரளி வைத்தால் ஒரு எச்சரிக்கை: இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். ஆடு, மாடு, கைக்குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள்; வெட்டிய கிளையை எரிக்காதீர்கள். அரளியிலும் நந்தியாவட்டையிலும் விரல் பருமனில், நீலக் கண்போன்ற புள்ளியோடு பச்சைப் புழு ஒன்று வரும். நாலு கிளை இலையைத் தின்னும், செடி திரும்பத் துளிர்த்துவிடும். அதைக் கொல்லாமல் விடுங்கள். பச்சை வெல்வெட்டில் கோலம் போட்டதுபோல் ஓர் அந்துப்பூச்சியாக வெளிவரும்.

மழைக்காலத்துக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்க் கரையோரம் மூழ்கியது. இந்தக் கரையில் தோட்டம் போடுபவர் புயலை விதிவிலக்காக நினைக்கக் கூடாது, அதற்கும் பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் வேலை தொடங்கட்டும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள், கொசுவும் சேராது. பின்கட்டில் மேட்டைச் சுற்றி அரையடி வாய்க்கால் வெட்டித் தெருப்பக்கம் சரிவு கொடுங்கள். பந்தல் கொடிகளைப் பாதியாக இறக்குங்கள். உரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மழையில் கரைந்து ஓடும், இளந்துளிர் வந்தால் அதுவும் அழுகும். புயல் எச்சரிக்கை வந்ததும் கைப்பிடிச் சுவர் மேலுள்ள தொட்டிகளை இறக்கி, உயரமான செடிகளைத் தொட்டியோடு படுக்கவைத்து, நெருக்கமாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

புயல் ஓய்ந்த மறுநாள் செய்வதுதான் செடியைக் காப்பாற்றும். முதல் வேலை நிற்கும் தண்ணீரை வடிப்பது. ஒரு நாள், இரண்டு நாள் மூழ்கியிருந்தாலே மல்லி வேர் அழுகத் தொடங்கும். அடுத்து, இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காற்று கடல்நீரைத் தூவியிருக்கும். வெயில் வந்ததும் இலை பொசுங்குவது அந்த உப்பால். சாய்ந்த செடியை நிமிர்த்திக் கழி நட்டுக் கட்டி, கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். அறுந்த வேரால் முழுச் செடியைச் சுமக்க முடியாது. மண் சற்று உலர்ந்ததும் மேலே இறுகிய தோலைக் களைக்கொத்தால் உடைத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரடியில் ஊற்றுங்கள். இரக்கப்பட்டு உரம் போடாதீர்கள். புதுத் துளிர் வந்த பிறகே உணவு.

செத்ததற்கு ஈடு செய்யவும் இந்த மழையையே பயன்படுத்தலாம். ஐப்பசி தொடங்கும்போது மல்லியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் தோலை லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த சின்னத் தொட்டியில் புதைத்து, மேலே ஒரு கல். இரண்டு, மூன்று மாதத்தில் வேர் பிடித்திருக்கும். தாய்ச்செடியைக் கவாத்து செய்யும்போதே இதையும் அறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு செடி போனாலும் அதே ரகம் வீட்டில் இருக்கும், பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம்.

அம்மாவின் கணக்குக்கு வருகிறேன். நிலத்தில் நான்கைந்து குண்டுமல்லிப் புதர், இரண்டு வயது தாண்டி, ஒழுங்காகக் கவாத்து வாங்கியவை இருந்தால், சித்திரை வைகாசியில் பெரும்பாலான நாள் ஒரு முழம் கட்டலாம். முதல் ஆண்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஐப்பசியிலிருந்து மல்லி ஓய்ந்துவிடும். அப்போது கனகாம்பரமும் செவ்வந்தியும் சாமி படத்துக்கு ஈடுகொடுக்கும். அரும்பைக் காலை வெயில் ஏறும் முன், முழுதாகப் பருத்து வெளுத்து, ஆனால் வாய் திறக்காமல் இருக்கும்போது காம்போடு கிள்ள வேண்டும். பச்சை தட்டியதைப் பறித்தால் விரியாது. ஈரத் துணியில் பரப்பி நிழலில் வைத்து, வாழை நாரை ஊறவைத்து மதியத்துக்குமேல் கட்டச் சொல்லுங்கள். மார்க்கெட் முழம் பெரும்பாலும் முந்தின நாள் பறித்து, ஐஸ் பெட்டியில் பயணம் செய்து வந்தது. வீட்டு அரும்பு அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால் சரத்திலேயே ஒவ்வொன்றாகக் கட்டவிழும், அப்போது எழும் வாசம் கூடத்தைத் தாண்டித் தெருவரைக்கும் போகும்.